கடையில் ஓடிய கேமிங் லேப்டாப் ஹாஸ்டலில் ஏன் திணறியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருச்சியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2025 ஏப்ரலில் வந்த ஒரு வேலையை முதலிலிருந்து கடைசி வரை எழுதி வைக்கிறேன். அதில் நான் தவறான இடத்தில் நின்றுவிட்டேன், அந்தத் தவறை எங்கள் தொழிலில் யாரும் எந்த நாளும் செய்துவிடலாம் என்பதுதான் காரணம். ஆட்களின் பெயர், கல்லூரி, லேப்டாப் பிராண்டு எதுவும் இதில் இருக்காது.

லேப்டாப் 2022-ல் வாங்கியது. இன்டெல் கோர் ஐ7-12700எச் பிராசசர், என்விடியா ஆர்டிஎக்ஸ் 3070 டிஐ கிராபிக்ஸ், 144 ஹெர்ட்ஸ் திரை, 90 வாட்-அவர் பேட்டரி. வைத்திருந்தவர் மூன்றாம் ஆண்டு இன்ஜினியரிங் மாணவர். அப்பா தவணையில் வாங்கிக் கொடுத்தது, தவணை போன வருஷம்தான் முடிந்திருந்தது. பகலில் பிளெண்டரில் 3டி வேலை, அதில் அவ்வப்போது சின்னச் சின்ன வெளிவேலையும் எடுத்துச் செய்கிறார். ராத்திரியில் கேம்.

வாட் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாமே இதில்தான் வந்து நிற்கும். அந்தப் பிராசசருக்கு இன்டெல் சொல்லும் அடிப்படை அளவு 45 வாட், குறுகிய நேரத்துக்கு 115 வாட் வரை போகும். அந்த ஜிபியுவுக்கு (கிராபிக்ஸ் சிப்) என்விடியா வைத்திருக்கும் வரம்பு 80 முதல் 125 வாட், அதற்குள் எவ்வளவு என்பதை லேப்டாப் தயாரிப்பவர்தான் முடிவு செய்வார். இந்த மாடலில் முழு 125, அதோடு பிராசசருக்கு வேண்டாத வாட்டை ஜிபியுவுக்குத் திருப்பிவிடும் டைனமிக் பூஸ்ட் 15 சேர்ந்து 140 வாட். கேம் ஓடும்போது சிபியு (பிராசசர்) ஏறக்குறைய 48, ஜிபியு 140, அப்புறம் திரை, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன், வோல்டேஜ் மாற்றும்போது போகும் இழப்பு எல்லாம் சேர்த்து இன்னொரு 24. மொத்தம் 212 வாட். பெட்டியோடு வந்த சார்ஜர் 230 வாட். ஆக மிச்சம் வெறும் 18 வாட்தான். கேமிங் லேப்டாப் பெரும்பாலும் இப்படித்தான் வரும், தாராளமாக எதுவும் இருக்காது.

என்ன புகாரோடு வந்தது

அவர் சொன்னதை வேலைச் சீட்டில் அப்படியே எழுதியிருந்தேன்: "அண்ணா, சில நாள் பதினஞ்சு நிமிஷத்துல ஸ்டக் ஆகுது, சில நாள் ஒன்றரை மணி நேரம் நல்லா ஓடிட்டு அப்புறம் மொத்தமா படுத்துடுது. ஒரு தடவை படுத்துச்சுன்னா சார்ஜ்ல போட்டுட்டு சும்மா விட்டாத்தான் எழுந்திரிக்குது."

இந்த இரண்டு வாக்கியத்திலேயே பதில் இருந்தது. அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

பொங்கல் லீவு முடிந்து ஹாஸ்டலுக்கு வந்ததிலிருந்து இப்படி என்றும் சொன்னார். அதற்குமுன் வேறொரு கடையில் காட்டியிருக்கிறார், அங்கே விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், நிலைமை மாறவில்லை. ஹாஸ்டலில் ஒருவர் 6 ஆம்பியர் பிளக்கில் இவ்வளவு பெரிய சார்ஜரைப் போடக்கூடாது, 16 ஆம்பியர் பிளக் வேண்டும் என்று சொல்லிவிட, அது வேறு பயம். அதை மட்டும் அப்போதே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டேன். 230 வாட் சார்ஜர் முழுதாக உழைத்தாலும் சுவரிலிருந்து 250 வாட் சுமார்தான் இழுக்கும், 230 வோல்ட்டில் அது 1.1 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக்குக்கு அது ஒன்றுமே இல்லை.

"பேக் வேண்டாம் தம்பி, சார்ஜரும் வேண்டாம், லேப்டாப் மட்டும் குடுங்க" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். எங்கள் கடையில் ரொம்ப நாளாக இருந்த பழக்கம் அது. ஒரே மாதிரி கறுப்புச் சார்ஜர் பத்து மேசையில் கிடந்தால் யாருடையது யாருக்குப் போகும் என்று தெரியாது, பிறகு சண்டை வரும். அதனால் எல்லா பின்னுக்கும் ஒன்று என்று கடைச் சார்ஜர்கள் வைத்திருந்தோம். இந்த லேப்டாப்புக்கு மாட்டியது எங்களுடைய 230 வாட்.

முதல் சோதனையில் கண்டது

கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அறை 26 டிகிரி. வெப்பம், வாட் எல்லாவற்றையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு லோடு (கடும் வேலை) கொடுத்தேன். நாலு நிமிஷத்தில் சிபியு 100 டிகிரியைத் தொட்டது. இந்தப் பிராசசரின் உச்ச வரம்பே அதுதான், தொட்டதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 45 வாட்டில் இருந்தது 32-க்கு இறங்கியது. ஜிபியு 87 டிகிரியில் போய் நின்றுகொண்டு 140 வாட்டிலிருந்து 95-க்கு வந்தது. செயல்திறன் வரம்பு என்ற பகுதியில் வெப்பம் என்ற வரிக்கு எதிரே "ஆம்" என்று காட்டியது.

திறந்து பார்த்தேன். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே நூலும் தூசியும் தலைமுடியும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தது, ஒரு விரல் அகலம். ட்வீசரால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பிய்யாமல் ஒரே பட்டையாக உரிந்து வந்தது. ஃபேனுக்கு உள்ளே வெளியே சுத்தமாகத்தான் தெரியும், இந்த இடுக்கில்தான் அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் அந்தப் பட்டை இன்னும் கெட்டியாகப் போய் ஒட்டிக்கொள்ளுமே தவிர வெளியே வராது, இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்கைக் கழற்றினால் சிப்பின் நடுப்பகுதி கண்ணாடி மாதிரி பளபளத்தது. இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் முழுக்க ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. சூடாகும்போது சிப்பும் செம்பும் ஒரே அளவில் விரியாது. சூடும் குளிரும் மாறி மாறி வரும் ஒவ்வொரு முறையும் இளகிய பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படும், கேமிங் லேப்டாப்பில் இரண்டு வருஷத்தில் இது சர்வசாதாரணம்.

எடுத்த முடிவு, அதன் காரணம்

பேஸ்டுக்குப் பதில் ஹனிவெல்லின் பிடிஎம்7950 ஷீட் வைத்தேன். 45 டிகிரி வாக்கில் இளகி இடைவெளியை நிரப்பிக்கொள்ளும், பேஸ்ட் மாதிரி ஓடி ஒதுங்காது, அதனால் தினமும் நாலு மணி நேரம் சூடேறும் மெஷினுக்கு அதைத்தான் நம்புகிறேன். லிக்விட் மெட்டல் போடலாமா என்று மாணவர் கேட்டிருந்தார். வேண்டாம் என்றேன். அது காலியம் கலந்த உலோகம், மின்சாரம் கடத்தும், அலுமினியத்தில் பட்டால் அரிக்கும். தினம் பையில் போட்டுத் தூக்கிப் போகிற லேப்டாப்பில் ஒரு துளி நகர்ந்தால் மதர்போர்டு போய்விடும்.

வேலை முடித்ததும் அதே லோடு, ஒரு மணி நேரம். சிபியு 84, ஜிபியு 74. ஜிபியு 138-லிருந்து 140 வாட்டுக்குள் ஆடாமல் நின்றது. வெப்ப வரம்பு "இல்லை" என்று வந்தது. சீட்டில் "வேலை முடிந்தது" என்று எழுதி, 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்பினேன்.

என் மனதில் எந்தச் சந்தேகமும் இல்லை. கண்ணால் பார்த்த பழுது, கையால் சரிசெய்தது, எண்ணும் நன்றாக வந்துவிட்டது.

நாலாவது நாள்

அவர் போன் செய்தார். "அண்ணா, முன்ன விட நல்லா ஓடுது, ஆனா அந்தப் படுக்கிறது மட்டும் அப்படியே இருக்கு."

திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். ஷீட் சரியாக உட்காரவில்லையோ, ஏதாவது ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதோ என்று நினைத்தேன். மறுபடி ஒரு மணி நேரம் ஓட்டினேன், மறுபடி 84, 74. குறை எதுவும் இல்லை. இந்த இடத்தில் "எங்க கடையில நல்லா ஓடுதே" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது ரொம்ப சுலபம், பல கடைகளில் நடப்பதும் அதுதான். ஆனால் அந்தப் பையன் கடை வாசலில் நின்றுகொண்டு தன் போனில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டினார். திரையில் 110-க்கு மேல் போய்க்கொண்டிருந்த எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) ஒரே நொடியில் 40-க்கு விழுகிறது, விழுந்தது அங்கேயே நிற்கிறது. வெப்பத்தால் வேகம் குறைந்தால் இப்படி விழாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும், இறங்கும், ஃபேன் ஊதி ஆறியதும் மறுபடி ஏறும், ஊஞ்சல் மாதிரி ஆடும். இது யாரோ சுவிட்சைப் போட்ட மாதிரி இருந்தது.

முதலில் அறை வெப்பத்தைச் சந்தேகப்பட்டேன், அதற்குக் காரணமும் உண்டு. ஹீட்சிங்கால் காற்றை விடக் குளிராக்க முடியாது, அறையின் சூட்டுக்கு மேலேதான் எல்லாமே. ஜிபியு 87 டிகிரியில் நிற்க வேண்டும் என்றால் 26 டிகிரி அறையில் 61 டிகிரி இடைவெளி கிடைக்கும், 36 டிகிரி அறையில் 51 மட்டும். அதே ஃபேன், அதே செம்பு, ஆனால் வெளியேற்றக்கூடிய வாட்டில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். ஏசி அறையில் எடுத்து எழுதும் எண்களைப் பார்த்து நம் ஊர் சித்திரை மாதத்தைக் கணிக்கவே முடியாது. அதனால் அவர் ஓட்டும் இடத்தில் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். வார்டனிடம் அனுமதி வாங்கச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சுவரில் மாட்டும் வாட் மீட்டரையும் மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஹாஸ்டல் அறையில்

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் தளம். ராத்திரி எட்டரை மணிக்கு அறை 35 டிகிரி. பிளக்கில் 208 வோல்ட் வந்துகொண்டிருந்தது, குறைவுதான், ஆனால் இந்தச் சார்ஜர்கள் 100 வோல்ட்டிலிருந்து 240 வரை வேலை செய்பவை, அதனால் அதை விட்டுவிட்டேன்.

லேப்டாப் கட்டிலில், விரித்த போர்வை மேல் இருந்தது. கீழே இருக்கும் காற்றுத் துளைகள் முழுக்க மூடியிருந்தன. அதைத் தூக்கி மேசையில் வைத்து, பின்பக்கம் உயரும்படி இரண்டு அழிரப்பரைக் கொடுத்து, அவருடைய சார்ஜரை அவருடைய பிளக்கில் போட்டு, அவர் வழக்கமாக ஆடும் கேமையே திறக்கச் சொன்னேன். தொடங்கும்போது பேட்டரி 58 சதவீதம்.

சிபியு 92, ஜிபியு 82. கடையை விட எட்டு டிகிரி கூட, ஆனால் அறை ஒன்பது டிகிரி கூட இருக்கும்போது இது எதிர்பார்த்ததுதான். இரண்டுமே வரம்புக்குக் கீழே. வெப்ப வரம்பு "இல்லை". எஃப்பிஎஸ் 118. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வாட் மீட்டர் மட்டும் 200-ல் போய் நின்றுகொண்டு அதற்கு மேல் ஏறவே இல்லை. கடையில் இதே லோடுக்கு 235 இழுக்கும் மெஷின் இது.

அப்போதுதான் எச்டபிள்யூஇன்ஃபோவில் கீழே இறங்கி பேட்டரி பகுதிக்கு வந்தேன். சார்ஜ் வேகம் என்ற வரியில் 31 வாட், அதன் முன்னால் ஒரு கழித்தல் குறி. விண்டோஸின் மூலையில் பிளக் படம் தெரிகிறது, சார்ஜர் மாட்டியிருக்கிறது, ஆனால் பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கிறது.

நாற்பது நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேட்டரி 30 சதவீதத்தைத் தொட்ட அந்த நொடியில் ஜிபியு 140-லிருந்து 55 வாட்டுக்கு விழுந்தது. எஃப்பிஎஸ் 41. வெப்பம் "இல்லை", மின்சாரம் "ஆம்".

சார்ஜரைக் கையில் எடுத்தேன், பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டது. திருப்பி, அடியில் இருக்கும் பொடி எழுத்தை போன் டார்ச்சில் பார்த்தேன். 20 வோல்ட், 9 ஆம்பியர். 180 வாட்.

"இது உங்க சார்ஜர்தானா தம்பி?"

"ஆமாண்ணா, வாங்கினப்ப வந்ததே இதான்."

அறைத்தோழரிடமும் அதே பிராண்டு லேப்டாப், சின்ன மாடல், ஆர்டிஎக்ஸ் 3050 இருப்பது. அவர் சார்ஜரை வாங்கித் திருப்பினேன். 20 வோல்ட், 11.5 ஆம்பியர். 230 வாட்.

இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரே கறுப்பு, ஒரே லோகோ, ஒரே பின். நீளத்தில் ஒரு விரற்கடை வித்தியாசம். கையில் தூக்கினால்தான் ஒன்று கனமாகத் தெரியும். பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும் அவசரத்தில் இரண்டு பேரும் மாற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள், மூன்று மாதமாக யாருக்கும் தெரியவில்லை. தோழருக்குத் தெரிய வழியே இல்லை, ஏனென்றால் 230 வாட் சார்ஜர் சின்ன லேப்டாப்பில் எந்தக் கெடுதலும் செய்யாது. சார்ஜர் தானாக வாட்டைத் தள்ளாது, லேப்டாப் கேட்பதைத்தான் தரும். வோல்ட்டும் பின்னும் சரியாக இருந்தால் வாட் கூடுவதில் பயமே வேண்டாம், குறைவதில்தான் சங்கடம்.

உள்ளே நடந்தது

லேப்டாப் கேட்டது 212 வாட், சார்ஜரால் தர முடிந்தது 180. மீதி 30 சொச்சத்தை மதர்போர்டில் இருக்கும் சார்ஜிங் சர்க்யூட் பேட்டரியிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொடுத்தது. இது பழுது இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஒரு நொடி, இரண்டு நொடி வரும் உச்சத் தேவைக்குப் பெரிய சார்ஜரைச் சுமக்க வேண்டாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதையே மணிக்கணக்கில் செய்யச் சொன்னால் பேட்டரி தீரும். 30 சதவீதத்துக்குக் கீழே போனதும் இந்த மாடல் பேட்டரியிலிருந்து எடுப்பதை நிறுத்திவிடுகிறது, அதோடு ஜிபியுவை ஒரேயடியாக இறக்கிவிட்டு பேட்டரியை ஏற்றத் தொடங்குகிறது.

இப்போது அவர் முதல் நாள் சொன்னதை எடுத்துப் பாருங்கள். பேட்டரி தேய்ந்து முழு கொள்ளளவே 74 வாட்-அவராக இருந்தது. நூறிலிருந்து முப்பது வரை என்றால் 52 வாட்-அவர், மணிக்கு 31 வீதம் எடுத்தால் நூறு நிமிஷம். அதுதான் அந்த "ஒன்றரை மணி நேரம்". வகுப்பு முடிந்து 40 சதவீதத்தோடு வந்து உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் விழும். "சார்ஜ்ல போட்டுட்டு சும்மா விட்டாத்தான் எழுந்திரிக்குது" என்பதும் சரியாகப் பொருந்துகிறது. நாளுக்கு நாள் மாறுகிறது என்று அவர் சொன்னதை நான் மாணவர்கள் வழக்கமாகச் சொல்லும் குழப்பம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் மிகச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அங்கேயே விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டையும் எடுத்தோம். ஏசி மின்சாரத்தில் இருந்ததாகக் காட்டும் வரிகளிலேயே மீதி அளவு இறங்கிக்கொண்டு போனது. முதல் கடையில் விண்டோஸ் போட்டது மார்ச்சில் என்பதால் அதற்கு முந்தைய வரலாறு அழிந்துவிட்டது, ஆனால் மார்ச்சிலிருந்து ஏப்ரல் வரை மட்டுமே முழு கொள்ளளவு 78-லிருந்து 74-க்கு வந்திருந்தது. பிளக்கில் மாட்டியே ஓடுகிற லேப்டாப்பில் இந்த வேகத்தில் தேய்வது அதிகம். தினமும் காலியாகி, அதுவும் 35 டிகிரி அறையில், கொதிக்கும் ஹீட் பைப்புக்குப் பக்கத்திலேயே, மறுபடி நிரம்பியிருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்தது. ஜனவரியில் திரையின் மூலையில் ஒரு அறிவிப்பு வந்துகொண்டே இருந்ததாம், அவர் மூடிவிட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். "விண்டோஸ் போட்டப்புறம் அது வரல, அதாவது சரியாயிடுச்சேன்னு நெனச்சேன்" என்றார். பின்னின் நடுவே இருக்கும் ஊசி வழியாகச் சார்ஜர் எத்தனை வாட் என்பது லேப்டாப்புக்குத் தெரியும், குறைவான சார்ஜர் என்று அது எச்சரித்திருக்கிறது. புதிதாக விண்டோஸ் போட்டவர்கள் தயாரிப்பாளரின் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திரும்பப் போடவில்லை. அதோடு எச்சரிக்கையும் போய்விட்டது. அந்த மென்பொருள் இல்லை என்பதை என் கடையில் நானும் கவனிக்கவில்லை.

அன்று ராத்திரி செய்தவை

சார்ஜர்களை மாற்றிக் கொடுத்தோம். 230 வாட்டின் இரண்டு முனையிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, மார்க்கரில் வாட்டை எழுதினேன். கட்டுப்பாட்டு மென்பொருளைத் தரவிறக்கிப் போட்டு, மாட்டியே வைத்திருக்கும் நாட்களுக்கு சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வைத்தேன். மறுபடி கேம். சுவரில் 236 வாட், பேட்டரி 80 சதவீதத்திலேயே அசையாமல் நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் விழவில்லை.

அதோடு முடித்திருக்கலாம். ஆனால் 35 டிகிரி அறையில் சிபியு 92 என்பது எனக்கு நிம்மதியாக இல்லை, மே மாதம் இனிமேல்தான் வரவேண்டும். சிபியுவுக்கு வோல்டேஜ் குறைக்கலாமா என்று பார்த்தேன், பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்பு மென்பொருள்) பூட்டியிருந்தது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியே வந்த பிறகு நிறைய லேப்டாப்களில் அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். பிராசசர் உச்ச நிலையை 99 சதவீதம் என்று வைத்து தானாக வேகம் கூட்டும் டர்போவை அணைத்துப் பார்த்தோம், 20 டிகிரி குறைந்தது, ஆனால் கேமில் இழப்பு அதிகமாகத் தெரிந்தது, பிளெண்டரில் இன்னும் மோசம். அதை எடுத்துவிட்டேன்.

பலித்தது எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு போட்டதுதான். என்விடியா கண்ட்ரோல் பேனலில் 90 என்று வைத்தேன். 118-லிருந்து 90-க்கு வந்தால் வேகம் நாலில் ஒரு பங்குதான் குறைகிறது, ஜிபியு இழுக்கும் வாட்டோ 140-லிருந்து 95-க்கு இறங்கியது, மூன்றில் ஒரு பங்கு. சிப்பின் கடிகாரம் இறங்கும்போது அதற்குத் தேவையான வோல்டேஜும் இறங்குகிறது, மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இந்த லாபம். கடைசி இருபது முப்பது எஃப்பிஎஸ்ஸுக்கு நாம் கொடுக்கும் விலை அவ்வளவு. சிபியு 83, ஜிபியு 70, சுவரில் 170 வாட். ஃபேன் சத்தம் குறைந்ததைப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தோழர்தான் முதலில் சொன்னார்.

170-ஐப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வந்து 180 வாட் சார்ஜரையே மறுபடி மாட்டிப் பார்த்தேன். பேட்டரி குறையவில்லை. ஆக இந்த ஒரு அமைப்பு இருந்திருந்தால், தவறான சார்ஜரோடும் அவருக்குப் பிரச்சினை வந்திருக்காது. ஆனாலும் பிளெண்டரில் சிபியுவும் ஜிபியுவும் சேர்ந்து உழைக்கும்போது எஃப்பிஎஸ் வரம்பு எதையும் தடுக்காது, அதற்கு 230 வேண்டும்தான்.

கூலிங் பேட் வாங்கட்டுமா என்று கேட்டார். இப்போதைக்கு மேசையும் அழிரப்பரும் போதும், அந்தக் காசை வைத்திருங்கள் என்றேன்.

மூன்று வாரம் கழித்து

மூன்று வாரமும் லாக் ஃபைல் அனுப்பச் சொல்லியிருந்தேன், ஒழுங்காக அனுப்பினார். ஒரு முறை கூட அந்தத் திடீர் வீழ்ச்சி இல்லை. பேட்டரி கொள்ளளவு 74-லேயே நின்றது. ஒரு நாள் மட்டும் ஜிபியு 86-க்குப் போயிருந்தது, கேட்டால் அன்று கட்டிலில் வைத்து ஆடியிருக்கிறார்.

தீராத ஒன்றும் இருக்கிறது. பிற்பகலில் அறை 37 டிகிரி இருக்கும்போது பிளெண்டர் ரெண்டர் ஓட்டினால் சிபியு 97-ஐத் தாண்டி, 45 வாட்டிலிருந்து 38-க்கு இறங்குகிறது. சார்ஜர் சரி, ஷீட் சரி, தூசி இல்லை. அந்த உடம்பில் அந்தக் கனத்தில் இருக்கும் செம்பும் இரண்டு ஃபேனும் அந்த அறையில் தள்ளக்கூடிய சூடு அவ்வளவுதான். அவர் இப்போது பெரிய ரெண்டர்களை ராத்திரி பதினொன்றுக்கு மேல் போடுகிறார்.

நான் மாற்றிக்கொண்டது

பேஸ்ட் வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அந்தப் பழுது உண்மை, அந்த வேலை தேவைப்பட்டது. ஹாஸ்டலுக்குப் போனதற்கு எதுவும் வாங்கவில்லை. ஆனால் அவர் கொண்டுவந்த புகாருக்கும் நான் சரிசெய்த பழுதுக்கும் சம்பந்தமில்லை, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். வெப்பப் பிரச்சினை கண்ணுக்கு முன்னால் பெரிதாக நின்றது, அதனால் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. கடைச் சார்ஜரை மாட்டியதன் மூலம் உண்மையான காரணத்தை நானே சோதனையிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த மேசையில் பத்து மணி நேரம் ஓட்டியிருந்தாலும் அது தெரிந்திருக்காது.

"சார்ஜர் வேண்டாம்" என்ற பழக்கத்தை விட்டாயிற்று. கேமிங் லேப்டாப் என்றால் சார்ஜரோடுதான் வாங்குகிறோம், அடியில் இருக்கும் எழுத்தைப் போட்டோ எடுத்து, வாட்டைச் சீட்டில் எழுதி, டேப் ஒட்டி வைக்கிறோம். சோதனை அந்தச் சார்ஜரிலேயே. லோடு ஓடும்போது வெப்பத்தோடு பேட்டரியின் சார்ஜ் வேகத்தையும் பார்த்து, கழித்தல் குறி வந்தால் முப்பது சதவீதம் வரை விடுகிறோம். கடைசி அரை மணி நேரம் ஏசியை அணைத்துவிடுகிறோம், கடைப் பையன்களுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் கோடை முழுக்க அப்படித்தான்.

எப்போதிலிருந்து என்று கேட்பதோடு, அந்த நாளில் வேறு என்ன மாறியது என்றும் கேட்கிறேன். இவரிடம் அதைக் கேட்டிருந்தால் லீவு, ஊர், பை, அறைத்தோழர் என்று பேச்சு போயிருக்கும், சார்ஜர் வரைக்கும் வந்திருக்கலாம்.

பேட்டரியை மாற்றவேண்டுமா என்று அவருடைய அப்பா போனில் கேட்டார். 90-ல் 74 இருக்கிறது, வீங்கவில்லை, அடிமூடி சமமாக உட்காருகிறது, இப்போது வேண்டாம் சார், ஆறு மாதம் கழித்து ரிப்போர்ட்டை அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். அக்டோபரில் பார்க்க வேண்டும் என்று அந்த வேலைச் சீட்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.